பொம்மைத் தலைக்கு எந்த ஃபோம்?

போன இதழில் கைப்பாவை செய்வதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: தலையை எதில் செதுக்குவது? எது வெட்டச் சுலபம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறீர்கள். பெங்களூரில் இத்தனை வருஷம் பொம்மை செய்த அனுபவத்தில் சொல்கிறேன், நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். பொம்மையின் வாய் அசையப்போகிறதா, உள்ளே யாருடைய கை போகப்போகிறது, எத்தனை வருஷம் அது உழைக்க வேண்டும், எந்தப் பசையால் ஒட்டப்போகிறோம். இந்த நாலுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எந்த ஃபோம் என்பது தானாகத் தெரிந்துவிடும். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவுக்கு ஔவையார் பொம்மை செய்கிறேன். தெர்மாகோல் பலகைகளை அடுக்கி ஒட்டி கட்டரால் செதுக்கினால், மூக்குக்கு வரும்போது மணி மணியாக உதிர்ந்து மூக்கே போய்விடுகிறது. மூன்று தடவை ஆகிவிட்டது. கத்தியை மாற்ற வேண்டுமா, பொருளை மாற்ற வேண்டுமா? (ஓர் ஆசிரியை, அல்சூர்)

பதில்: முதலில் ப்ளேடை மாற்றுங்கள் டீச்சர். தெர்மாகோல் என்பது சின்னச் சின்ன மணிகளை நீராவியில் உப்பவைத்து ஒன்றோடொன்று ஒட்டவைத்த பொருள். கத்தி கூராக இருந்தால் மணியையே இரண்டாக அறுத்துக்கொண்டு போகும், கொஞ்சம் மழுங்கினாலும் மணியை அறுக்காமல் அப்படியே பிடுங்கி எறிந்துவிடும். கட்டரில் முனையை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்துகிற ப்ளேடுதான் இருக்கும், அதை ஒடிக்கத் தயங்காதீர்கள், ஒரு தலைக்கு ஒரு முழு ப்ளேடு காலியானாலும் நஷ்டமில்லை. ப்ளேடை நீளமாக வெளியே இழுத்து, அழுத்தாமல், ரொட்டி அறுப்பது போல முன்னும் பின்னும் இழுத்து அறுக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்தாலும் ஓர் எல்லை உண்டு. மணி எவ்வளவு பெரிதோ அதைவிடச் சின்ன விஷயம் எதுவும் அதில் நிற்காது. மூக்கின் முகடு, கண் இமை, உதட்டு ஓரம் எல்லாம் மணியைவிட மெல்லியவை. அதனால் தெர்மாகோலில் மண்டை, கன்னம், தாடை வரைக்கும் செதுக்குங்கள். மூக்கைக் காகிதக் கூழில் தனியாகப் பிடித்து வையுங்கள். அப்புறம் செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து (கத்தரிக்காமல் கிழியுங்கள், கிழித்த ஓரம்தான் படியும்), வெள்ளை ஃபெவிகாலில் பாதியளவு தண்ணீர் கலந்து, மூன்று அடுக்கு ஒட்டுங்கள். ஒவ்வோர் அடுக்கும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. நம் ஊர் மழைக் காலத்தில் ஓர் அடுக்கு காய ஒரு முழு நாள் ஆகும். அவசரப்பட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

ஔவையார் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி அடுக்குக்கு டிஷ்யூ பேப்பரை எடுத்து, அதே பசைத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் வையுங்கள். தானே சுருங்கும். அந்தச் சுருக்கங்களை ஒரு பல்குச்சியால் கண்ணின் வெளி ஓரத்திலிருந்து காதுப் பக்கமும், மூக்கின் பக்கத்திலிருந்து வாய் ஓரத்துக்கும் தள்ளிவிடுங்கள். காய்ந்தபிறகு அது கிழவியின் தோலேதான். செதுக்கி இதைக் கொண்டுவரவே முடியாது.

பொருளையும் மாற்றலாம் என்றால், மொட்டை மாடியில் வெயில் இறங்காமல் இருக்க ஓட்டுக்கடியில் போடுகிறார்களே, இளநீலத்திலோ ரோஸ் நிறத்திலோ வரும் கெட்டியான பலகை, அதைத் தேடுங்கள். எக்ஸ்பிஎஸ் பலகை என்று கேட்டால் தருவார்கள். அதுவும் தெர்மாகோலின் அதே பாலிஸ்டைரீன்தான், ஆனால் மணி கிடையாது, அழுத்திப் பிழிந்து வார்த்தது, அதனால் கண் இமை வரைக்கும் செதுக்கலாம், உப்புத்தாள் போட்டால் வழுவழுவென்று வரும். முழுப் பலகை வாங்க வேண்டாம். வேலை நடக்கும் கட்டடத்தில் மேஸ்திரியிடம் கேட்டால் துண்டுகள் கிடைக்கும்.

ஒட்டும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பலகை வழியாக ஈரம் வெளியேறாது, அதனால் இரண்டு பலகைக்கு நடுவே வெள்ளை ஃபெவிகாலைத் தாராளமாகப் பூசினால் ஓரம் மட்டும் காய்ந்து நடுவில் பல நாள் ஈரமாகவே இருக்கும். மெல்லிசாகப் பூசி, மேலே கனம் வைத்து விட்டுவிடுங்கள். காய்ந்த பசை ஃபோமைவிடக் கெட்டி, கத்தி அங்கே வந்ததும் துள்ளும். ஆகவே ஒட்டு நடு முகத்தில் வரக்கூடாது. இரண்டு காதுகளையும் சேர்க்கிற கோட்டில் ஒட்டு வருகிற மாதிரி பலகையை நிறுத்துங்கள்.

தெர்மாகோலைப் புதிதாக வாங்காதீர்கள் என்பதும் என் அபிப்பிராயம். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடையில் இருக்கிறது. டிவி, ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகவும் இருக்கும், குப்பைக்குப் போவதும் ஒரு பொம்மையாகும்.

கேள்வி: கல்லூரி நாடகத்துக்கு அரக்கன் தலை. தெர்மாகோலில் அருமையாகச் செதுக்கி, கடைசியில் டப்பாவில் வருகிற ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். கண் முன்னாலேயே முகம் பள்ளம் பள்ளமாகக் கரைந்துவிட்டது. காப்பாற்ற வழி உண்டா? (ஒரு மாணவர், கோரமங்களா)

பதில்: உண்டு. முதலில் ஏன் கரைந்தது என்று பார்ப்போம். பாலிஸ்டைரீனுக்கு அசிட்டோன், தின்னர், பெட்ரோல் எதுவும் ஆகாது. ஸ்ப்ரே பெயிண்டில் இருப்பது அந்த மாதிரிக் கரைப்பான்தான். நெயில் பாலிஷ் ரிமூவர், பஞ்சர் சொல்யூஷன், செருப்பு ஒட்டும் மஞ்சள் பசை எல்லாமே இதே வேலையைச் செய்யும். சூடான க்ளூ கன் வைத்தாலும் குழி விழும். தெர்மாகோல், எக்ஸ்பிஎஸ் இரண்டுக்கும் தண்ணீரில் கரைகிற பசை, தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் பெயிண்ட், இவ்வளவுதான். ஸ்ப்ரேதான் வேண்டும் என்றால் மேலே சொன்ன காகித அடுக்கை ஒட்டி, ஓர் ஊசித் துளைகூட இல்லாமல் மூடிய பிறகுதான் அடிக்க வேண்டும். எது செய்வதானாலும் வெட்டிப்போட்ட துண்டில் முதலில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிஷம் பாருங்கள்.

உங்கள் தலையை ஒரு நாள் காற்றோட்டமாக வெளியே வையுங்கள், வாடை முழுக்கப் போகட்டும். ஆழமான பள்ளங்களில் காகிதக் கூழை அடையுங்கள். நெற்றியிலும் கன்னத்திலும் இருக்கும் சின்னப் பள்ளங்களை அடைக்க வேண்டாம், அதன் மேலேயே டிஷ்யூ பேப்பர் ஒட்டிக் கறுப்பு அடித்து, காய்ந்ததும் மேடான இடங்களில் மட்டும் உலர்ந்த பிரஷ்ஷால் செம்மண் நிறத்தைத் தடவுங்கள். அரக்கனுக்கு அந்தத் தோல் பொருந்தும்.

கேள்வி: வாயைத் திறந்து மூடிப் பேசுகிற பொம்மை செய்ய ஆசை. ஸ்பாஞ்ச் வாங்க மெத்தைக் கடைக்குப் போனால் 'எந்த டென்சிட்டி?' என்றார். பதில் தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். என்ன கேட்க வேண்டும்? (ஒரு வாசகர், ஒயிட்ஃபீல்டு)

பதில்: இந்தத் தடவை '32 டென்சிட்டி, சாஃப்ட், அரை இன்ச் ஷீட்' என்று கேளுங்கள். ஏன் என்றும் சொல்கிறேன், தெரிந்தால் அடுத்த தடவை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான். 32 என்றால் 32 கிலோ. கடையில் பெரும்பாலும் 23, 32, 40 என்று கிடைக்கும். இதை உங்கள் கைக்குப் பொருத்திப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கெட்டியான உருண்டையாக ஒரு தலை வைத்துக்கொண்டால், 23 டென்சிட்டியில் சுமார் 96 கிராம், 32-இல் 134 கிராம், 40-இல் 168 கிராம். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். அதன் மேல் துணி, முடி, கண், வாய்த் தட்டு எல்லாம் ஏறிய பிறகு அந்தத் தலையைத் தலைக்கு மேல் தூக்கி இருபது நிமிஷம் பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு கிராமும் தோளில் வந்து உட்காரும். 23 ரொம்ப லேசு, ஆனால் பத்துக் காட்சியில் தொய்ந்துவிடும். வாய் திறந்து மூடும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் மடிகிறது, இல்லையா, முதலில் அங்கேதான் கிழியும். 32 நடுவில் நிற்கிறது.

டென்சிட்டி வேறு, கெட்டித்தனம் வேறு என்பதையும் மறக்காதீர்கள். ஒரே 32-இல் மெத்தென்றும் வரும், விறைப்பாகவும் வரும். அதனால் எண்ணை நம்பி மட்டும் வாங்காமல் கையில் வாங்கி மடித்துப் பாருங்கள். இரண்டு விரலில் கிள்ளி விட்டால் தழும்பு உடனே மறைய வேண்டும், மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு நிற்கக்கூடாது. பல நிறத் துண்டுகளை அழுத்திச் சேர்த்த 'ரீபாண்டட்' ஃபோமைக் கெட்டியாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், கத்தி வைத்தால் துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும், கனமும் அதிகம்.

அரை இன்ச் ஷீட் ஏன் என்று கேட்பீர்கள், கேள்வி செதுக்குவதைப் பற்றித்தானே. பேசும் பொம்மையின் தலையைக் கட்டியிலிருந்து குடைந்து எடுப்பது எனக்கு உடன்பாடு இல்லாத வேலை. உள்ளே கைக்கு இடம் குடைய வேண்டும், அது கோணலாகும், பாதி ஃபோம் குப்பைக்குப் போகும். தையற்காரர் ரவிக்கையில் டார்ட் பிடிக்கிறாரே, அதே மாதிரி ஷீட்டில் முக்கோணங்களை வெட்டி எடுத்து ஓரங்களைச் சேர்த்து ஒட்டினால் அது தானாகக் கிண்ணமாக வளையும். இரண்டு கிண்ணம் சேர்ந்தால் தலை. உள்ளே ஏற்கனவே காலி. மூக்கு, புருவம், கன்ன மேடு, காது, இவற்றை மட்டும் தனித் துண்டுகளில் செதுக்கி மேலே ஒட்டுங்கள்.

அந்தச் செதுக்கலுக்குக் கத்தியைவிடக் கத்தரிக்கோல் நல்லது. ஸ்பாஞ்சை இரண்டு விரலில் கிள்ளி மேலே இழுத்து, இழுத்த நுனியைச் சின்ன வளைந்த கத்தரியால் 'சிக்' என்று வெட்டுங்கள். விட்டதும் அந்த இடம் பள்ளமாகும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் கிள்ளி வெட்டிக்கொண்டே வந்தால் ஒரு மூக்கு முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும். அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்டாதீர்கள், விட்டதும் வேறு வடிவத்தில் நிமிர்ந்து நிற்கும். பெரிய துண்டு அறுக்கப் பற்கள் உள்ள ரொட்டிக் கத்தி போதும்.

பசை: இங்கே தெர்மாகோலுக்கு நேர்மாறு. வெள்ளை ஃபெவிகால் ஸ்பாஞ்சுக்குள் ஊறிக் காய்ந்து கல்லாகிவிடும். சோபா வேலைக்காரர்கள் பூசும் எஸ்ஆர் வகை ரப்பர் பசையை வாங்குங்கள். இரண்டு ஓரத்திலும் மெல்லிசாகப் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத நிலை வரும்வரை காத்திருங்கள், சுமார் பத்து நிமிஷம் ஆகும், அப்புறம் ஒரு முனையிலிருந்து கிள்ளிக் கிள்ளிச் சேருங்கள். சேர்த்தால் சேர்த்ததுதான், பிரித்தால் ஃபோம்தான் கிழியும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ ஊதுவத்தியோ இருக்கக்கூடாது.

எங்கே வாங்குவது? ஜே.சி. ரோட்டில் கார் சீட் தைக்கும் கடைகளில் ஷீட்டாகக் கிடைக்கும். அதற்கு முன்னால் உங்கள் தெருவிலேயே சோபா ரிப்பேர் செய்பவர் இருந்தால் அவரிடம் ஓரத் துண்டுகளைக் கேளுங்கள். எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள், பொம்மைக்கு என்றால் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துத் தருவார்கள்.

கேள்வி: பூங்கொத்துச் செருகும் பச்சை ஃபோம் கரண்டியாலேயே குடைய வருகிறதே, அதில் தலை செய்யலாமா? (ஒரு வாசகி, ஜெயநகர்)

பதில்: வேண்டாம். விரல் பட்டாலே குழியும், ஒரு தடவை கீழே விழுந்தால் முடிந்தது, குடையும்போது பறக்கிற பச்சைத் தூள் மூச்சுக்கும் கண்ணுக்கும் ஆகாது. முகத்தின் வடிவம் பிடிபட ஓர் ஒத்திகைக்கு, மாஸ்க் போட்டுக்கொண்டு, செய்து பார்க்கலாம். அவ்வளவுதான்.

கேள்வி: சின்ன வயதில் கும்பகோணம் பக்கம் பொம்மலாட்டம் பார்த்து வளர்ந்தவன். ஓய்வுபெற்ற பிறகு பேரனுக்காக நூலில் ஆடும் பொம்மை செய்தேன், கனமில்லாமல் இருக்கட்டும் என்று முழுக்க ஃபோமில். ஆடவே மாட்டேன் என்கிறது. கையைத் தூக்கினால் தூக்கியபடியே நிற்கிறது. (ஒரு வாசகர், மல்லேஸ்வரம்)

பதில்: ஐயா, நீங்கள் சின்ன வயதில் பார்த்த அந்தப் பொம்மைகளிலேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அவை கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. மரங்களில் அது லேசானதுதான், அப்படியும் பெரிய பொம்மை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ வரை கனமும் இருக்கும். நூல்கள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டியிருக்கும், ஆட்டுபவர் அந்த வளையத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு, கைகளைக் கம்பிகளால் ஆட்டுவார். அந்தப் பாரம் ஆட்டுபவருக்குக் கஷ்டம்தான், ஆனால் பொம்மைக்கு உயிரே அதில்தான். நூலால் மேலே இழுக்கத்தான் முடியும், கீழே தள்ள முடியாது. கீழே இறக்குவது கனம் மட்டும்தான். கனமில்லாத கையில் நூல் தொய்ந்துவிடும், நீங்கள் தளர்த்தியது பொம்மைக்குத் தெரியவே தெரியாது.

செய்த பொம்மையை வீணாக்க வேண்டாம். தலை ஃபோமாகவே இருக்கட்டும். பாதங்களில் அடியிலிருந்து குடைந்து ஆளுக்கொரு பெரிய நட்டு வையுங்கள், இடுப்பில் ஒரு சின்னத் துணிப் பையில் மணல் கட்டித் தையுங்கள், உள்ளங்கைக்குள் இரண்டிரண்டு வாஷர். பேரன் கையாளப்போவதால் ஈயம் மட்டும் வேண்டாம். கனத்தைக் கூட்டிக் கூட்டிப் பாருங்கள்: கையைத் தூக்கி விட்டதும் தொடையில் 'தட்' என்று விழுந்தால் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த பொம்மைக்கு மரத்தையே முயன்று பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. சென்னபட்டணா பொம்மைக்காரர்கள் கடைகிற ஆலெ மரம் நம் வெட்பாலைதான். கையும் காலும் மட்டும் மரம், தலை ஃபோம் என்று கலந்து செய்வது எனக்குப் பிடித்த வழி.

கேள்வி: அப்பார்ட்மென்ட் குழந்தைகளுக்கு விடுமுறையில் பொம்மை செய்யச் சொல்லித்தரப்போகிறேன், 8 வயது முதல் 11 வயது வரை. சூடான கம்பியால் வெட்டுகிற கட்டர் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியுமா? (ஓர் அம்மா, எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

பதில்: குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். நீங்கள் வீட்டில் முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்ளப் பயன்படுத்தலாம், தெர்மாகோலையும் எக்ஸ்பிஎஸ் பலகையையும் வெண்ணெய் மாதிரி வெட்டும். புகை வருகிற அளவுக்குச் சூடு வைத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம், குறைத்து, பால்கனியில் வைத்துச் செய்யுங்கள்.

ஆனால் மெத்தை ஸ்பாஞ்சிலோ, குளிர்பதனக் கிடங்குச் சுவருக்குள் அடைக்கிற மஞ்சள் நிறக் கெட்டி ஃபோமிலோ சூடான கம்பியை ஒருபோதும் வைக்காதீர்கள். இரண்டும் பாலியூரித்தேன். அது கருகினால் ஹைட்ரஜன் சயனைடு உள்ளிட்ட விஷ வாயுக்கள் வரும். வாங்கிய துண்டு எந்த வகை என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கம்பி வேண்டாம், கத்திதான். அந்த மஞ்சள் ஃபோம் பெரியவர்கள் செதுக்க மிக நல்ல பொருள், கத்திக்கு வழுக்கிக்கொண்டு வரும், தின்னருக்கு தெர்மாகோல் மாதிரி உடனே உருகிவிடாது. ஆனால் தூள் நெஞ்சில் கரகரக்கும், என்95 மாஸ்க் இல்லாமல் உப்புத்தாள் போடாதீர்கள்.

குழந்தைகளுக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் மழுங்கிய முனைக் கத்தரியும் போதும். ஒரு ஸ்பாஞ்ச், நடுவில் ஒரு வெட்டு, அதுவே வாய். அதற்குக் கண் எங்கே வைப்பது என்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், பொம்மை செய்வதில் பாதி அதுதான்.

கேள்வி: எங்கள் குழுவின் பொம்மைகள் பன்னிரண்டு வருஷம் பழையவை. பெட்டியைத் திறந்தால் உள்ளே மஞ்சள் பொடி கொட்டிக் கிடக்கிறது. விரல் வைத்தால் ஸ்பாஞ்ச் உதிர்கிறது. ஏதாவது பூசி நிறுத்த முடியுமா? (ஒரு நாடகக் குழு, பனசங்கரி)

பதில்: முடியாது, இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. பாலியூரித்தேன் ஸ்பாஞ்சுக்கு வெளிச்சமும் காற்றும் ஈரமும் மூன்றுமே எதிரி. முதலில் மஞ்சளாகும், அப்புறம் துள்ளல் போகும், கடைசியில் பொடியாகும். பெரிய பெரிய அருங்காட்சியகங்களே இந்த ஃபோமில் செய்த பொருட்களைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருக்கின்றன. மேலே எதையாவது பூசினால் ஓடு மட்டும் நிற்கும், உள்ளே உதிர்வது நிற்காது.

ஆனால் துணித் தோல் நன்றாகத்தான் இருக்கும், பாருங்கள். அதைக் கிழிக்காமல் தையல் தையலாகப் பிரித்து, காகிதத்தில் விரித்து வரைந்துகொள்ளுங்கள். அதுதான் உங்கள் பழைய பொம்மையின் அளவுப் படம், அதை வைத்துப் புது உள்ளுடம்பு செய்துவிடலாம். அசையாத பகுதிகளுக்கு, அதாவது மண்டையின் பின்புறம், தோள், வயிறு இவற்றுக்கு, டிவி பெட்டிகளில் வருகிற வெள்ளை ஈபிஇ ஃபோமைப் போடுங்கள். அது பாலிஎத்திலீன், பொடியாகாமல் நீண்ட நாள் நிற்கும், அருங்காட்சியகங்களில் பொருட்களை அடைத்து வைக்கவே இந்த வகையைத்தான் பயன்படுத்துகிறார்கள். பசை எதுவும் சுலபமாகப் பிடிக்காது, க்ளூ கன்னின் சூட்டில் கொஞ்சம் இளகித்தான் பிடிக்கும், செதுக்கினால் முகம் அவ்வளவு நுணுக்கமாகவும் வராது. அதனால் வாயும் கன்னமும் மட்டும் ஸ்பாஞ்ச்.

தோலை இந்த முறை ஒட்டாதீர்கள். கழுத்தின் பின்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கைத்தையல் மட்டும் போட்டு விடுங்கள், அடுத்து ஸ்பாஞ்ச் உதிரும்போது அங்கே பிரித்து உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பெட்டியை ஜன்னலுக்குத் தள்ளி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒரு பொம்மையின் மேல் இன்னொன்றைப் படுக்க வைக்க வேண்டாம், மூக்கு நசுங்கியபடியே நின்றுவிடும்.